மருந்துக்கடை வரைக்கும்

அன்புள்ள வாண்டின் அம்மாவுக்கு,

இப்போது உன்னை வேறு எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. வாண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டரும் பார்த்துவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைக் கோபப்படாமல் கடைசிவரை படி. போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நாம் பிரிந்த நாளில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. என் காரில் நம் மகளை வார்போட்டு உட்காரவைக்கிற குழந்தை சீட், குறைந்தது இரண்டு வயது வரைக்கும், பின்பக்கம் பார்த்தபடிதான் இருக்க வேண்டும் என்றாய். சரி என்றேன். சனிக்கிழமைதோறும் உன் வாசலில் வந்து நின்றபோது அப்படித்தான் இருந்தது. சீட் மாட்டுறதுல மட்டும் உங்களைக் குறை சொல்ல முடியாது என்றுகூடச் சொன்னாய். அந்த நல்ல வார்த்தைக்கு நான் லாயக்கில்லை.

உன் தெருமுனை மருந்துக்கடை வரைக்கும்தான் அது. அங்கே வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றி, முன்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டுவேன். மாலையில் அதே இடத்தில் பழையபடி மாற்றுவேன். இரண்டு மாதமாக இந்தத் திருட்டுத்தனம். வாரத்துக்கு ஒரு நாள் வருகிற அப்பனைக் கண்டு அவள் வீல் வீலென்று அழுவது உனக்குத் தெரியும். என் வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், எனக்குச் சீட்டின் முதுகுதான் தெரியும். திருப்பி வைத்த அன்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் புத்தி கெட்டுப்போனேன்.

போன வாரம் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். பிரேக் போட்டேன். அவள் தலை முன்னால் போய்த் துவண்டது. கொஞ்ச நேரம் அழக்கூட இல்லை. டாக்டரம்மா கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். இந்த வயசுல தலைதான் கனம், கழுத்து பிஞ்சு, பின்பக்கம் பாத்து உக்காந்திருந்தா சீட்டே தாங்கியிருக்கும், யாருங்க திருப்பச் சொன்னது என்று கேட்டார். ஊரார் ஏறுகிற லிஃப்டையெல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன், சொந்த மகளின் சீட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். அன்று மாலை அவள் ஏன் சோர்ந்திருக்கிறாள் என்று நீ கேட்டபோது, தூக்கக் கலக்கம் என்று பொய் சொன்னேன்.

இனி அனுப்ப மாட்டேன் என்று நீ சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டேன். அவள் இல்லாத சனிக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் இதை மறைத்துக்கொண்டு உன் கையிலிருந்து அவளை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு வேண்டுதல். மனம் இரங்கினால், வருகிற சனிக்கிழமை வண்டியை நீ ஓட்டு. சீட் பின்பக்கமே பார்க்கட்டும், நான் பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். எங்கே போகிறோம் என்றுகூடக் கேட்க மாட்டேன்.

நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாண்டின் அப்பா