கட்டிங் டேபிள் உயரம்

மயிலாத்தாளுக்கு,

நம் தோட்டத்து வேப்பம்பலகையில் நான் செய்த சாப்பாட்டு மேசையை நேற்று நிமிர்த்தி வைத்தபோது நான், நீ, மகன் நித்தீஷ், மருமகள் இந்துமதி, உன் தம்பி கதிர்வேல் ஆகிய ஐவரும் இருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை உன் கழுத்துக்கு வந்தது. “ஏனுங்க, இனி நின்னுட்டேதான் சாப்பிடோணுங்களா?” என்று கேட்டாய். உன் தம்பி முன்னால் கேட்டிருக்க வேண்டாம்.

விடிந்ததும் கால்களை அறுத்துக் குறைத்துவிட்டேன். இந்தத் தடவை உன் நாற்காலியை வைத்தே அளவெடுத்தேன். தரையில் மடங்காத உன் முழங்காலுக்காகத்தானே இத்தனையும்.

மதியம் இந்துமதியின் அப்பா அம்மா வருகிறார்கள். அவர்கள் முன் நம் வீட்டு மேசை கேலிக்கு ஆளாகக் கூடாது. மேசையில் பூசிய எண்ணெய் இன்னும் காயவில்லை. பனியன் துணியால் ஒரு தரம் துடைத்துவிடு. சூடான பாத்திரத்தை நேரே வைக்காதே. இலை வாங்க அவிநாசி போகிறேன். வீட்டுச் சாவி ஜன்னலில் இருக்கிறது.

சம்பந்தியம்மா பக்கத்தில் நீயும் உட்கார்ந்து சாப்பிடு. நித்தீஷ் பரிமாறட்டும்.

பொங்கியண்ணன்

பி.கு.: நான் அளவு தப்பிவிட்டேன் என்று கதிர்வேல் சோமனூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். தப்பவில்லை. அது நம் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் டேபிளின் உயரம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அங்கே யாரும் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.