மதகுக்குள் ஒரு முடிச்சு

மார்ச் 3, செவ்வாய்
மருந்துக்கடையில் இன்று ஒரே சீட்டுக்கு இரண்டு முறை மாத்திரை எடுத்துவைத்தேன். உதவிக்கு இருக்கும் பெண், "அக்கா, இவருக்கு இப்பதானே குடுத்தீங்க?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன்.
அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது நாற்பத்தெட்டில். எனக்கு நாற்பத்தாறு.

மார்ச் 5
அண்ணன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை கால்வாயில் படகு, நாமே ஓட்டலாமாம். "கண்டிப்பா வந்துடு. நீ வரலன்னா உன் அண்ணி என்னைத் தண்ணியில தள்ளிடுவா."
காலண்டரில் குறிக்கப் போனேன். ஏற்கெனவே குறித்திருக்கிறது. என் கையெழுத்து.

மார்ச் 8, ஞாயிறு
நடுவழியில் மதகு. படகு உள்ளே போனதும் இரண்டு பக்கக் கதவையும் மூடி, தண்ணீரை வடித்து, படகைக் கீழ்மட்டத்துக்கு இறக்குகிறார்கள். முன்பக்கக் கயிறு என் கையில். படகிலிருந்து போய், கரைக் கம்பத்தை ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்த கயிறு. மதகுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "கட்டிடாதீங்கம்மா. கையில பிடிச்சுக்கிட்டு, தண்ணி இறங்க இறங்க விட்டுக்கொடுங்க." தலையாட்டினேன். எனக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன் — கட்டக்கூடாது, கட்டக்கூடாது.
அண்ணி பழத்தட்டை நீட்டியது நினைவிருக்கிறது.
பிறகு படகு சாய்ந்துவிட்டது. தட்டு, செருப்பு, பை எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. அண்ணன் மகள் அலறினாள். தண்ணீர் கீழே போக, படகு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "யாருங்க கட்டுனது?" என்று கத்திக்கொண்டே மதகுக்காரர் வடிகாலை அடைக்க ஓடினார். பின்னால் சுக்கான் பிடித்திருந்த அண்ணன் பாய்ந்து வந்து, பழக்கத்தியால் கயிற்றை அறுத்தான். படகு தொப்பென்று விழுந்தது. எல்லோரும் தொப்பலாக நனைந்தோம்.
"நான்தான் கட்டுனேன். லாரியில பாரம் கட்டுன பழக்கதோஷம்," என்றான் அண்ணன்.
"முப்பது வருஷம் கட்டுனது பத்தலையா?" என்றாள் அண்ணி. எல்லோருக்கும் சிரிப்பு.
என் பக்கத்துப் படகுக் கம்பியில் மிச்சமிருந்தது இரட்டைக் கண்ணி முடிச்சு. மருந்துப் பொட்டலத்துக்கு நான் போடுவது. அண்ணன் அதை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
கட்டியதே நினைவில்லை. துளிகூட.

மார்ச் 9
அண்ணன் மகள் தண்ணீரில் விழுந்திருந்தால்?

மார்ச் 11
கடைக்கு அண்ணன் வந்தான். ஆள் இல்லாத நேரம் பார்த்து, "எத்தன நாளா இப்படி?" என்றான்.
"நீ எதுக்குண்ணா பழியை ஏத்துக்கிட்ட?"
இருமல் மருந்துப் புட்டி ஒன்றை எடுத்து நேராக வைத்தான். "அம்மா உப்புன்னு சோப்புத்தூளைக் குழம்புல கொட்டுனப்ப நாமதான விழுந்து விழுந்து சிரிச்சோம். உன்னைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது."
பயமா இருக்குண்ணா, என்றேன். முதல்முறையாக வாய்விட்டு. எனக்குந்தான், என்றான்.

மார்ச் 13, வெள்ளி
மருத்துவர் ஐந்து சொற்கள் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். மூன்றுதான் வந்தது. இன்னும் பரிசோதனைகள் இருக்கின்றன.
திரும்பியதும் கடைக்குப் போய், மருந்து அலமாரிச் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இனி நான் எடுத்துவைப்பதையெல்லாம் அவள் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றேன்.
"எத்தன நாளைக்கு அக்கா?"
அடுத்த சீட்டுக்கான மாத்திரைகளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் சீட்டோடு ஒத்துப் பார்த்தாள்.