வண்டி நின்ற இடம்

அடியே,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காய் வாங்க உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே பஞ்சர் கடைக்காரர் ட்யூபில் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. கத்தரிக்காய்ப் பையோடு நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன், "யம்மா, வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று கத்தினான். நீ இருந்திருந்தால் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டாய். எனக்கு அழுகைதான் வந்தது. கடைசி மாதங்களில் உன் சேலையிலும் தலைமுடியிலும், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற கையிலும்கூட இதே வாடைதான்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்தக் காலனிக்கு வாழ வந்தவர்கள். ஷூ கம்பெனியில் சேர்ந்ததும் ஒன்றாகத்தான். "கழனில குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு உட்டுப்போச்சி. அங்க ஃபேனுக்குக் கீழ குந்திகினு வேலையாம், வாமே" என்று நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஃபேன் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அதற்குக் கீழே அந்த ஃப்ளோர் மேனேஜரும் இருந்தான்.

அம்மா வயசுப் பெண்களையும் அவன் "ஏய்" என்றுதான் கூப்பிடுவான். பாத்ரூம் போனால் வெளியே நின்று கதவைத் தட்டுவான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். தையல் கோணிப்போனால் ஒன்று செய்வானே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ரிஜெக்ட் ஆன ஷூவை நூலில் கட்டி, அதைத் தைத்தவள் கழுத்திலேயே மாட்டிவிடுவான். சாப்பாட்டு பெல் அடிக்கும்வரை அதோடுதான் உட்கார்ந்து தைக்க வேண்டும். குவாலிட்டி ட்ரெயினிங்காம்! கழுத்தில் செருப்பு ஏறினால் நம் பக்கம் அது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று அவனுக்கா தெரியாது? யார் யார் காலனியிலிருந்து வருகிறவர்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் மாட்டினான்.

அன்றைக்கு என் கழுத்து. நான் தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன், கண்ணீரில் ஊசியே தெரியவில்லை. நீ உன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாய். நூல் வெட்டும் கத்தரியால் அதை அறுத்து, அவன் மேஜையில் கொண்டுபோய் வைத்தாய். "ரிஜெக்ட்டானது செருப்பு சார். பொம்பள இல்ல" என்றாய். லைன் மொத்தமும் நின்றுபோனது. அவன் கோபப்படவே இல்லை. சிரித்தான்.

மறுநாளே உன்னைத் தையலிலிருந்து எடுத்து, ஜன்னல் இல்லாத பசை ரூமில் போட்டான். சொல்யூஷன் வாடையில் நீ மதியச் சோற்றை வாந்தி எடுத்தாய். அதற்கும் நீ மசியவில்லை என்று தெரிந்ததும் வண்டியில் கை வைத்தான். காலனி வாசல்வரை வந்துகொண்டிருந்த கம்பெனி வேன் இனி வராது, ரோடு பிரிகிற கூட்ரோட்டுக்கு வந்து ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். ஏரிக்கரை ஓரமாக, ஜல்லி லாரிகள் பறக்கிற ரோட்டில், விடியாத இருட்டில் நடக்க வேண்டும். தண்டனை உனக்கு, நடப்பது எல்லாரும். அவன் கணக்குத் தப்பவில்லை. நம்மோடு அதே வண்டியில் வருகிற காலனி மல்லிகாவே உன்னைப் பார்த்து, "உன் ஒருத்தி வாயால எங்களுக்கு எம்மாம் பேஜாரு பாரு" என்று காறித் துப்பினாள். எதற்கும் கலங்காதவள், அன்றைக்கு வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாய்.

மார்கழி மாதம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், நீயும் நானும்தான் பின்னால். ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த உன் பெண் ஸ்கூலில் டான்ஸ் ஆடப் போகிறாளாம். "இத்தினூண்டு கீறா, ஜிகினா பாவாட வோணுமாம் அவளுக்கு" என்று சிரித்தாய். வளைவில் லாரி வந்தது. அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

உன் காரியம் முடிந்த வாரமே வண்டி மறுபடியும் காலனி வாசலுக்கு வந்து நின்றது தெரியுமா? உன் உயிரைக் கொடுத்து வாங்கிய வண்டி. எல்லாரும் ஏறி உட்கார்ந்தோம். உன் வீட்டுக்காரர் நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டார். அதற்குக் கம்பெனி சொன்ன பதில், வண்டி முன்னால் என்றைக்குமே கூட்ரோட்டில்தான் நின்றது, விபத்துக்கு அப்புறம்தான் இரக்கப்பட்டுக் காலனிக்கு விட்டோம், அந்தப் பெண் தன் வழக்கப்படி நடந்து வந்து அடிபட்டாள் என்பது. அடப்பாவிகளா! முன்னால் வண்டி எங்கே நின்றது என்று யாராவது ஒருத்தி சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக "உக்காருங்கம்மா" என்றான். "உங்க பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கிறாளாமே? இங்கயே சேர்த்துடலாம். நம்ம வண்டியிலயே வரட்டும். வழியில பத்திரம்" என்றான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து பெண்ணைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் மல்லிகா நாலைந்து பேரோடு வந்தாள். "சத்தியமா அவ செத்தது எங்களுக்கும் வயிறு எரியுதுமே. ஆனா நீ பேசினீனா வண்டி நின்னுபூடும். நாங்க அந்த ரோட்ல நடந்து சாவணுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? உன்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. செத்தும் என்னை இப்படி நடுவில் மாட்டிவிட்டாயே என்று உன்னை வாயாரத் திட்டினேன்.

வியாழக்கிழமை காஞ்சிபுரம் லேபர் ஆபீஸில் விசாரணை. எதிர் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். விசாரித்த அதிகாரியம்மா, "வேன் எங்கம்மா நிக்கும்?" என்று கேட்டார். நான் அவன் பக்கம் திரும்பினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், அதே சிரிப்பு. அதைப் பார்த்ததும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "காலனி வாசல்ல நிக்கும்மா. செத்துப்போனவள நடக்க வெக்கத்தான் இந்த ஆளு அத நிறுத்தினாரு. செருப்ப கயட்டிப் போட்டதுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லை. விடியாத இருட்டில் எல்லாரும் காலனி வாசலில் நின்று பார்த்தோம். அப்புறம் மல்லிகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள், பின்னாலேயே மற்றவர்களும். எல்லாரும் என்னைவிட்டுத் தள்ளியே நடந்தார்கள். நாம் நடந்த நாளெல்லாம் லாரி பக்கம் நீதான் நடப்பாய், என்னை உள்பக்கம் தள்ளிவிடுவாய். அந்தப் பக்கம் இப்போது எனக்கு வந்திருக்கிறது. நாளைக்கு வேலை இருக்குமா, பெண்ணை என்ன செய்வானோ, ஒன்றும் தெரியாமல் அந்தப் பக்கமாக நடந்தேன்.

வளைவில் ஹாரன் கேட்டது. மல்லிகா திரும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்து வெடுக்கென்று ஓரத்துக்கு இழுத்தாள்.

"நீயும் செத்து தொலைச்சிடாதமே. அப்புறம் எங்களுக்கு எவ சாட்சி சொல்லுவா?" என்று கத்தினாள்.

லாரி போய்விட்டது. அவள் கையை விடவில்லை. நான் மறுபடியும் லாரி பக்கம், உன் பக்கத்துக்கே வந்து நடந்தேன்.