தபீத்தாவின் இரண்டாம் குரல்

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

ஆண்டவரின் கிருபை உன் வீட்டிலும் இருப்பதாக. நீ சபையை விட்டுப் போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. முழுதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

சோளம் அறுத்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஏனோஸுக்கு முதுகுவலி, மற்றபடி நலம் என்றுதான் எழுத ஆசை. ஆனால் என் மகள் தபீத்தாவை வருகிற வியாழக்கிழமை வேனில் ஏற்றி அனுப்பப்போகிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ அவளைப் பார்த்ததில்லை. நகரத்துப் பிள்ளை, நாலு வயதில் தத்து வந்தாள். சொந்தப் பெயர் தெலீலா. பிஷப் ஆபே, "சிம்சோனைக் கெடுத்தவ பேரு நம்ம சபையில எதுக்கு?" என்றார், மாற்றிவிட்டோம். நம் பாஷை புரியாமல் ஒரு வருஷம் வாயே திறக்கவில்லை. தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைப்பாள். அந்தச் சுருட்டை முடியை இழுத்துக் கட்டிக் சபைப் பெண்கள் போடும் குல்லாய்க்குள் அடக்குவதற்குள் அவளும் அழுவாள், நானும் அழுவேன். பள்ளிக்கூடத்தில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் கையை ஓங்கிவிடுவாள். ஏனோஸ் வாரை எடுப்பார். எத்தனை அடித்தாலும் அழமாட்டாள், அதில்தான் அவருக்கு ஆத்திரம் ஏறும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் வயிற்றில் ஒன்றும் வளரவில்லை. இவள்தான் என் பிள்ளை, அக்கா.

அவள் முதன்முதலில் வாயைத் திறந்ததே பாட்டுக்குத்தான். ஒருநாள் நான் பால் கறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முனகினாள். ஏனோஸ் ஓடிவந்து, "அடியே சலோமா, பேசாத புள்ள பாடுதுடி!" என்று குதித்தார். அந்தப் பாட்டே இன்றைக்கு வினையாகிவிட்டது.

ஆராதனையில் எல்லோரும் ஒரே குரலாய்த்தான் பாடவேண்டும், தனியாக மேலே போனால் பெருமை என்பார்கள். உனக்குத் தெரியாததா? போன மாதம் ஆராதனை முறை நம் சபை எட்னா வீட்டுக் களஞ்சியத்துக்கு வந்தது. துதிப்பாட்டின் நடுவில் இவள் குரல் மட்டும் பிரிந்து, ஒரு படி மேலே ஏறி, எங்கள் குரலோடு கூடவே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாட்டை எடுத்துக்கொடுப்பவர் ஏனோஸ், அவர் முகம் செத்துப்போனது. சாப்பிடும்போது எட்னா ஊறுகாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "குயில் முட்டைய அடைகாத்தா அது கூவத்தானே செய்யும்?" என்றாள். நாக்கா அது!

சபைப் பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். இனி அப்படிப் பாடமாட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். இவளோ, "ரெண்டு குரல்ல பாடினா ஆண்டவருக்குக் கேக்காதா? அவருக்கு ரெண்டு காது இல்லியா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

சபை முழுக்க ஒருமனப்பட்டால்தானே திருவிருந்து? இவளால் அது நிற்கிறது. ஊர்க்கண் எல்லாம் எங்கள் வீட்டின் மேல். "பதினாறு வயசுப் பொண்ண அடக்கத் தெரியல, நீ சபைக்குப் பாட்டு எடுத்துக் குடுக்கறியா?" என்று பிஷப் கேட்டாராம். அவளைத் திருத்த அனுப்பு என்றதற்கு ஏனோஸ் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். மேற்கே மலையோரத்தில் பிள்ளைகளைத் திருத்துகிற பண்ணை ஒன்று இருக்கிறதாம், வேன் போவது அங்கேதான். பக்கத்து வீட்டு ஃபானி போன வருஷம் அங்கே போய் வந்தாள். எவ்வளவு துடுக்கான பெண்! இப்போது எதைக் கேட்டாலும் "சரிங்க" என்கிறாள். யாராவது கதவைச் சாத்தினால் எழுந்து போய்த் திறந்துவிட்டு வருகிறாள்.

காலில் விழுந்து கெஞ்சினேன். "எனக்கு மட்டும் ஆசையாடி? மாட்டேன்னு சொல்லிட்டு நான் எங்க போவேன்?" என்று ஏனோஸ் அழுதார். அவருக்கும் போக்கிடம் இல்லை, எனக்கும் இல்லை. ஞானஸ்நானத்தில் மண்டியிட்டு வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். வெளியே போனால் உனக்கு விழுந்த விலக்குத்தான் எங்களுக்கும்; ஒரே மேசையில் சாப்பாடு கிடையாது, கைக்குக் கை கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் அவள் இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. வாக்குக் கொடுக்காதவளை யாரும் விலக்க முடியாது. இப்போது போனால் நினைத்தபோது வரலாம், என் மேசையில் என்னோடு சாப்பிடலாம்.

வெர்னா பெரியம்மா வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டேன். முகம் அப்படி மலர்ந்தது. உடனே, "நீயும் வர்றியாம்மா?" என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

வேன் வருவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, ஏனோஸ் மாட்டு ஏலத்துக்குப் போவார். நானும் அவளும் முட்டை விற்கச் சந்தைக்கு வருவோம். குதிரை கட்டும் இடத்துக்குப் பின்னால் காரை நிறுத்து. பதில் எழுதாதே, தபாலை எடுப்பது அவர்தான். அவள் மூட்டையை உன் கையில் தரமாட்டேன், தரையில் வைப்பேன், எடுத்துக்கொள். கோபப்படாதே அக்கா, எட்னாவும் சந்தைக்கு வருவாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காதே. சபை முன்னால் மண்டியிடச் சொல்வார்கள். என் முழங்காலுக்கு அது பழக்கம்தான்.

அவளைப் பாடவிடு. வீடே அதிர்ந்தாலும் பாடவிடு.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்வாராக. உன் கையிலிருந்து நான் எதையும் வாங்கக்கூடாது. ஆனால் அவள் கையிலிருந்து வாங்கலாம். கிறிஸ்துமஸுக்கு அவள் வரும்போது, நீ சுடுவாயே பாகு கேக், அதில் ஒரு துண்டு அவளிடம் கொடுத்துவிடு. யார் சுட்டது என்று நான் கேட்கமாட்டேன்.

உன் தங்கை,
சலோமா