வரிக்குதிரைகள் படுத்த புல்திட்டு

அனுப்புநர்:
பார்சிமேய் ஓலே திகோயான்,
மாடு மேய்ப்பவர்,
ஓல்சிலாலே தனியார் வனவிலங்குக் காப்பகம்,
லைக்கிப்பியா, கென்யா.

பெறுநர்:
வனவிலங்கு அலுவலர் அவர்கள்,
லைக்கிப்பியா.

பொருள்: காப்பகத்தின் மேற்கே பழைய பட்டி இருந்த இடத்தில் மாடுகளை இரவு தங்கவிட அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதி நாள் மாட்டின் பின்னால் போனவன். பிழைகளைப் பொறுத்தருளவும். "உன் எழுத்தப் பாத்தா கன்னுக்குட்டி சேத்துல ஓடின மாதிரி இருக்கு. படிக்கிறவரு பாவம்யா" என்கிறாள் என் மனைவி நூன்கிஷு. எழுதச் சொன்னவளும் அவள்தான்.

1. எங்கள் காப்பகத்தில் மாடும் காட்டு விலங்கும் ஒரே நிலத்தில் மேய்கின்றன. சிங்கத்துக்குப் பயந்து இரவில் மாடுகளைப் பட்டியில் அடைப்போம். சில வாரம் கழித்துப் பட்டியை வேறிடம் மாற்றுவோம். சாணம் கிடந்த இடத்தில் அடுத்த மழைக்கு நல்ல புல் எழும்பும். வரிக்குதிரைகள் அதைத் தேடி வரும். புதரில்லாத வெட்டவெளி என்பதால் சிங்கம் வருவது தெரியும். ஆகவே இரவிலும் அங்கேயே தங்கும்.

2. மேற்குப் பட்டியில் நாங்கள் குடும்பத்தோடு இருந்தபோது, பெருமழையில் என் இளைய மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு பெருகியதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வர முடியவில்லை. அதில் எவர் மீதும் எனக்குப் புகார் இல்லை. அவளை அங்கேயே புதைத்துவிட்டுப் பட்டியை மாற்றிக்கொண்டு வந்தோம். அவள் தனியாகத் தூங்காத பிள்ளை. என் போர்வை முழுவதையும் இழுத்துக்கொள்வாள். "தள்ளிப் படுப்பா, உம்மேல ஒரே மாட்டு நாத்தம்" என்பாள். தள்ளிப் படுத்தால் அழுவாள்.

3. அடுத்த மழைக்கு அங்கே புல் வந்தது. வரிக்குதிரைகள் வந்து படுத்தன. நூன்கிஷு மேட்டில் நின்று பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கூட்டம் அதிகம். உன் பொண்ணோட போர்வை பத்தாது" என்றாள். அவள் அழுது ஓய்ந்த பிறகு சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

4. புதிய மேலாளர், காட்டு விலங்குகளின் நன்மைக்காக, மேற்குப் பகுதியில் மாடுகளைத் தடை செய்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. வறட்சியில் எங்கள் மாடுகள் புல்லை மொட்டையடித்ததும் உண்மையே. ஆனால் சாணம் விழாமல் அத்திட்டு முழுவதும் முட்புதர் ஏறிவிட்டது. வரிக்குதிரைகள் இப்போது வருவதில்லை. ஒன்றுகூட வருவதில்லை.

5. மகளைப் புதைத்த இடம் என்று காரணம் எழுதி மேலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இறந்தவர் பெயர் எழுதவில்லை என்று திருப்பித் தந்தார்கள். எங்களில் இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை. வேண்டுமானால் என் பெயரை இரண்டு தடவை எழுதித் தருகிறேன் என்றேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே ஐயா, மழை தொடங்குமுன் புதரை நாங்களே வெட்டி, சில வாரம் மட்டும் அங்கே பட்டி போட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். மேய்ச்சல் கேட்கவில்லை, விடிந்ததும் மாடுகளைக் கிழக்கே ஓட்டிப் போய்விடுவோம். இரவு படுத்தால் போதும். தாங்கள் நேரில் ஆய்வுக்கு வருவதாக இருந்தால் மாலையில் வாருங்கள். பார்த்து முடித்ததும் உடனே கிளம்பிவிடாமல், கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருங்கள்.

இடம்: ஓல்சிலாலே
நாள்: 18.02.2019

இப்படிக்கு,
அவளுடைய அப்பா,
(ஒப்பம்) பார்சிமேய் ஓலே திகோயான்