லாரி ஓட்டியவரின் முகம்

பிரியமுள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு, அந்த வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் வாசிக்கப்போகும் படப் புத்தகத்தை முதலில் நம் வாண்டுவிடம்தான் வாசித்துப் பார்ப்பேன். இந்த முறை போர்க்காலக் கதை. ஒரு தெரு ஜனத்தையே சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் செய்த குற்றம், பேசிய மொழி. அழுவாளோ என்று பயந்தேன். அவளோ ஓட்டுநரின் ஜன்னல் வெள்ளையாக விடப்பட்டிருந்ததைப் பிடித்துக்கொண்டாள்.

“தாத்தா, லாரி ஓட்டுறவருக்கு மூஞ்சியே இல்ல பாருங்க. நீங்க வரைஞ்சு குடுங்க.”

பூனை கேட்டால் புலியே வரைந்து தருகிற மாமா, “எனக்கு வேலை இருக்கு கண்ணு” என்று எழுந்து போய்விட்டார். அவருக்கு என்ன வேலை? சாப்பிடவும் வரவில்லை.

போர் சமயத்தில் மாமா லாரி ஓட்டியது நமக்குத் தெரியும். எதை ஏற்றினார் என்று நான் கேட்டதில்லை. மூட்டைகள் என்றே நினைத்திருந்தேன். நீங்களாவது உங்கள் அப்பாவிடம் கேட்டீர்களா?

இன்று காலை புத்தகத்தைத் திறந்தால், அந்த வெள்ளை ஜன்னலில் பென்சிலால் ஓர் இளைஞன் முகம். ஒரு நொடி நீங்கள்தானோ என்று திடுக்கிட்டேன். அதே கூட்டுப் புருவம், அதே மோவாய்.

ரப்பரை எடுத்தேன். பின்னாலிருந்து மாமா, “அழிச்சிடாதம்மா” என்றார். ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

நாளை வகுப்பில் இந்தப் பக்கத்தை விரிக்க வேண்டும். “யாரு மிஸ் இது?” என்று கேட்பார்கள். வாண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு உங்கள் முகம் நன்றாகத் தெரியும்.

உங்கள் பதிலுக்குத் தவிக்கும்,
வாண்டுவின் அம்மா