நல்ல கன்னத்துச் சிங்கம்

பாக்கியம்,

பூவம் ஊருக்குக் கதிர் அறுக்கப் போகிறேன். பழையதில் பாதியை உனக்கு வைத்திருக்கிறேன். இன்றைக்காவது வேளையோடு சாப்பிடு.

தம்பிக்கு அக்கி எழுதக் குயவர் வேளார் இன்றும் வருவார். மோர் கொடு. நேற்றுப் போலவே எழுதட்டும்.

காசம் தம்பி உடம்பின் வலுவைத் தின்றுவிட்டதால்தான் அக்கி இப்படி விடாப்பிடியாக நிற்கிறது, கன்னத்துப் புண்ணில் காவியைப் பூசி அது இடக்கண்ணில் இறங்கினால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. காவியில் சிங்கம் எழுதாமல் களிம்பைத் தொடவிட மாட்டேன் என்று தம்பியும் அடம்பிடித்தான். நீயோ வேளாரையே மடக்கினாய். "சிங்கத்தை நல்ல கன்னத்துல எழுதுங்க வேளாரே. அங்கேருந்தே அக்கியை மொறைக்கட்டும்!" அவரே சிரித்துவிட்டார். தம்பியும் களிம்பு போட முகத்தைக் காட்டினான். எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இந்தப் புத்தி வராது.

ஆனாலும் வந்த மனுஷர் முன்னால் என்னைப் பார்த்து, "நீங்க செத்த சும்மா இருங்க" என்றாயே, அது சரியில்லை. சாயங்காலம் பேசிக்கொள்வோம்.

புண் கழுவக் காய்ச்சிய தண்ணீரை ஆறவைத்து மூடியிருக்கிறேன்.

மாரிக்கண்ணு

இதை எழுதி முடிக்கும்போது தம்பி விழித்துக்கொண்டான். நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வீங்கின கண்ணை மெல்லத் திறந்து உன் பக்கம் பார்த்தான். "அண்ணி வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குது. எழுப்பாதண்ணே" என்றான். அதனால்தான் சொல்லாமல் போகிறேன்.